பெரன்ஸ் வேலிக்கு வடக்கே

"கோடு எங்க இருக்கு, மிஸஸ் ஐலர்ஸ்? காட்டுங்க, நான் அதைத் தாண்டாம நின்னுக்கறேன்."

மிஸ்டி ப்ரூயிட் என்ற ஆறு வயதுப் பெண் ஒரு ஜூலை மாதம் என்னிடம் கேட்டது இது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேரைக் காரில் அடைத்துக்கொண்டு பக்கத்து ஊர் மார்லோவின் நீச்சல் குளத்துக்குப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த பெண் சுவரில் இருந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க பூங்கா வட்டாரத்துக் கோட்டுக்கு வெளியே இருக்கறவங்க. எங்க ஊர்ப் பிள்ளைங்க குளிச்சு முடிச்சதும் நாலு மணிக்கு மேல வாங்க" என்றாள். அப்போது மணி ஒன்று. தார்ச்சாலை கொதித்துக்கொண்டிருந்தது. மிஸ்டி துண்டைக் கழுத்தில் போட்டபடி குனிந்து, சிமெண்டுத் தரையில் கோட்டைத் தேடினாள்.

வாசல் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குப் பதினாறு வயதுதான் இருக்கும். கொடுத்த வரைபடத்தைப் பார்த்துப் பேசினாள். நாலு மணிவரை மேப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து ஞானப்பாட்டுகள் பாடினோம். ஒரே பாட்டு நாலாவது முறை வந்தபோது எனக்கே ஆண்டவர் மேல் சிறிது வருத்தம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் மெர்லிடம், "நமக்கும் ஒரு பூங்கா வட்டாரம் வேணும்" என்றேன்.

மெர்ல் தானியக் கிடங்கில் வேலை செய்பவர். காலணியைக் கழற்றி அதிலிருந்த சோளத்தூசியை வாசலில் தட்டிக்கொண்டே, "வேணும்னா போட்டுக்கயேன். ஊரைச் சுத்தி ஒரு கோடுதானே? ஒரு பென்சில் போதாதா?" என்றார்.

அந்தப் பென்சில் வேலைக்குப் பத்து மாதம் ஆனது.

சட்டம் சொல்வது சின்ன விஷயம்தான். வட்டாரத்தின் எல்லை இன்ன இடத்தில் தொடங்கி இன்ன வழியாகப் போய்த் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது என்று எழுதி, அதற்குள் குடியிருக்கும் நூறு வாக்காளர்கள் கையெழுத்திட்டு, மாவட்ட நீதிபதியிடம் மனுவாகக் கொடுக்க வேண்டும். அவர் விசாரித்துச் சரி என்றால் ஊர் வாக்களிக்கும். ஊரும் சரி என்றால் பூங்காவுக்கு ஒரு குழு, ஒரு சிறு வரி, விளையாட ஓர் இடம். நிபந்தனை ஒன்றுதான்: எல்லைக்குள் வரும் நிலம் ஒரே துண்டாக ஒட்டியிருக்க வேண்டும்.

இடமும் இருந்தது. மூடிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தின் நாலு ஏக்கர் மைதானத்தை, வட்டாரம் அமைந்தால் சும்மாவே தந்துவிடுவதாகப் பள்ளி வாரியம் சொல்லியிருந்தது. அமையாவிட்டால் மே மாதம் முதல் தேதி ஏலம்.

என் மனதில் இருந்த சிக்கல் வேறு. எங்கள் ஹார்ம்ஸ்வில்லில் பிள்ளைகள் அதிகம் இருப்பது ஊருக்குள் அல்ல. கிழக்கே அரை மைல் தள்ளி இருக்கும், சக்கரம் மாட்டி இழுத்துப் போகக்கூடிய டிரெய்லர் வீடுகளில்தான். முப்பத்தொரு வீடு, நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். மிஸ்டி அங்கே இருப்பவள். அவர்களை வெளியே விட்டுவிட்டு ஒரு கோடு போடுவதற்கு நான் பத்து மாதம் அலைய வேண்டிய அவசியம் இல்லை. மார்லோவின் கோடு அந்த வேலையை ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருந்தது. ஊருக்கும் டிரெய்லர்களுக்கும் நடுவில் இருந்ததோ டெல்மர் பெரன்ஸின் எண்பது ஏக்கர்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், பிங்பாங் மேசை மேல் வரைபடத்தை விரித்துக் கூட்டம் போட்டேன். முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது, எங்கள் ஊரில் எல்லோருக்கும் பூங்கா வேண்டும், யாருக்கும் கோடு வேண்டாம் என்று.

"பூங்கா வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல லவோன்," என்றாள் என் பக்கத்து வீட்டு வில்மா ஊபன். "கோடு மட்டும் எங்க கார் கொட்டகைக்கு முன்னாடியே நின்னுடணும்."

"அப்படிப் போட்டா உன் வீடு உள்ள இருக்கும், கொட்டகை வெளிய போயிடும் வில்மா."

"அதைத்தானே சொல்றேன். கொட்டகை என்ன, சறுக்குமரம் ஏறப் போகுதா?"

இன்னொருவர் தன் வீடு வெளியே இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் மட்டும் உள்ளே இருக்கட்டும் என்றார். பேரப்பிள்ளைகள் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். ஒருத்தி கோட்டை நேராகப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்றாள். ஒவ்வொரு வாரமும் அழித்து அழித்து வரைந்தேன். பதினோராவது வரைபடத்தில் எங்கள் வட்டாரம் கடித்துப் போட்ட ரொட்டித் துண்டு மாதிரி இருந்தது.

"நீ ஏன் அந்த டிரெய்லர் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போற?" என்று வில்மாதான் கடைசியில் வாய்விட்டுக் கேட்டாள். "இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குச் சக்கரத்தை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க."

"பன்னிரண்டு வருஷமா அந்தச் சக்கரம் ஒரு அடி நகரல வில்மா. போன வருஷம் உன் மாடிக் குழாய் உடைஞ்சப்ப வந்து சரி பண்ணினது யாரு?"

"அது ப்ரூயிட். அவன் நல்லவன்."

"அவன் பொண்ணுதான் மிஸ்டி."

வில்மா காபியைக் கலக்கினாள். அவள் கெட்டவள் அல்ல. தெரிந்த ஆளை உள்ளே விடுவாள்; தெரியாத ஆட்களைக் கூட்டமாக நினைக்கும்போதுதான் அவளுக்குப் பயம். எங்களில் பெரும்பாலானோர் அப்படித்தான்.

டெல்மர் பெரன்ஸ் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. எழுபத்துமூன்று வயது. கடைசி வரிசையில் உட்காருவார், தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டுவார், வில்மா கொண்டுவரும் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிடுவார், முடியும் நேரத்தில் எழுந்து நின்று, "எனக்குச் சம்மதம் இல்ல" என்பார்.

"ஏன்னு சொல்லுங்களேன் டெல்மர்," என்று நானும் ஒவ்வொரு முறையும் கேட்டேன்.

"என் சோளத்துக்கு ஊஞ்சல் ஆடத் தெரியாதும்மா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவார். எனக்கு எரிச்சலாக வரும். எதிர்ப்பதென்றால் ஒரு காரணம் சொல்லி எதிர்க்கட்டும், அல்லது கேக்கையாவது ஒரு துண்டோடு நிறுத்தட்டும்.

அவர் நிலத்தை முழுவதும் எல்லைக்குள் எடுக்காமல் டிரெய்லர்களை எப்படித் தொடுவது? சாலையை மட்டும் உள்ளே எடுத்தால் போதாதா என்று ஒரு வக்கீலைக் கேட்டேன். இரண்டு மூட்டையை நூலால் கட்டியதுபோல இருக்கும், நீதிபதி ஒப்பமாட்டார் என்றார் அவர். கடைசியில் பாதி நிலத்தை எடுப்பதென்று முடிவானது. வடக்கே சாலை, தெற்கே பெரன்ஸ் வேலி, நடுவில் நாற்பது ஏக்கர். அந்தத் துண்டு ஊரையும் டிரெய்லர்களையும் இணைத்துவிடும். வேலிக்குத் தெற்கே இருக்கும் நாற்பது ஏக்கரைத் தொட வேண்டியதில்லை.

நானே தட்டச்சு செய்தேன்: "...அங்கிருந்து கிழக்காக, பெரன்ஸ் உயிர்வேலியை ஒட்டியபடி, டிரெய்லர் குடியிருப்பின் மேற்குக் கம்பிவரை..." வீடு வீடாகப் போய் நூற்றுப்பதினேழு கையெழுத்து வாங்கினேன். எல்லோரும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டார்கள். வில்மா ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தினாள். எழுதியது உண்மை என்று நான் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன்.

பிப்ரவரியில் விசாரணை. நீதிபதி வெளியூர்க்காரர்; எங்கள் மாவட்டத்துக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மெலிந்தவர், சளி பிடித்திருந்தது. மனுவைக் கடைசிவரை படித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மிஸஸ் ஐலர்ஸ், போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நானும் என் மனைவியும் உங்க ஊருக்கு வந்தோம். இந்தக் காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு எல்லையைச் சுத்திப் பார்த்தோம்."

எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. இப்படி யார் செய்வார்கள்?

"எல்லாம் சரியா இருந்துச்சு. ஒண்ணைத் தவிர. அந்த வேலி எங்கம்மா?"

"பெரன்ஸ் வேலிங்களா? சாலையில இருந்து தெற்கே இறங்கினா..." என்று கையை நீட்டினேன்.

"இறங்கினேன். என் மனைவியோட ஷூ முழுக்கச் சேறு. வேலி இல்லையே."

"இருக்குங்களே. எல்லாருக்கும் தெரியும். முள்ளு மரம், பச்சையா உருண்டையா காய்..." சொல்லிக்கொண்டே போனவள் நின்றுவிட்டேன். அந்த நிலத்தைக் கண்முன் கொண்டுவந்து பார்த்தேன். தினமும் காரில் தாண்டிப் போகும் நிலம். சாலையிலிருந்து அடிவானம்வரை அறுத்த சோளத்தட்டை. நடுவில் ஒன்றுமே இல்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பிடுங்கிப் பதினஞ்சு வருஷம் ஆச்சுங்க." டெல்மர்தான்.

யாரும் சிரிக்கவில்லை. நூற்றுப்பதினேழு பேர் கையெழுத்திட்டிருந்தோம்.

எங்கள் ஊரில் வழி சொல்வது அப்படி. பால்பண்ணை இருந்த இடத்தில் திரும்பு என்போம். பால்பண்ணை என் அம்மா காலத்திலேயே எரிந்துபோனது. ஹாப்பனின் சிவப்புக் களஞ்சியத்தைத் தாண்டி என்போம். அதைக் காற்று கொண்டுபோய் இருபது வருடம் ஆகிறது. இல்லாமல் போனதை எடுத்துவிட்டால் எங்களுக்கு ஊரில் வழி தெரியாது. பெரன்ஸ் வேலிவரை நடந்துவிட்டு வந்தேன் என்று மெர்ல் அன்று காலைகூடச் சொல்லியிருந்தார்.

"இல்லாத ஒரு வேலியைச் சத்தியம் பண்ணி எல்லையா எழுதியிருக்கீங்க," என்றார் நீதிபதி. கோபமாகச் சொல்லவில்லை, நொந்துபோய்ச் சொன்னார். "வேற எல்லை எழுதினா அது வேற மனு. கையெழுத்து, அறிவிப்பு எல்லாம் முதல்ல இருந்து தொடங்கணும். ஆனா ஜனங்க மனசுல நினைச்சுக் கையெழுத்துப் போட்ட வேலி எங்க இருந்துச்சுன்னு, நேர்ல அறிஞ்ச ஒருத்தர் வந்து சாட்சி சொன்னா, சர்வேயரை வெச்சு அளந்து இதே மனுவைத் திருத்திக்கலாம். மூணு வாரம் தர்றேன்."

முதலில் இருந்து தொடங்கினால் கோடை வந்துவிடும். மைதானம் மே மாதத்திலேயே ஏலம் போய்விடும்.

மறுநாளே கீழ்த்தளத்தில் கூட்டம். வேலி எங்கே இருந்தது என்று ஆளுக்கொரு இடம் காட்டினார்கள். ஒருவர் மின்கம்பத்துக்கு நேர் என்றார். ஒருவர் அதற்கு இருநூறு அடி தெற்கே என்றார். அந்த வேலியடியில்தான் தன்னைப் பெண் கேட்டார்கள் என்று சொன்ன ஒரு மூதாட்டி, அது வடக்குத் தெற்காக ஓடியது என்று சாதித்தாள். விவசாய அலுவலகத்தில் விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்கள் உண்டு; எங்களுக்கு வேண்டிய ஒரு தாளை மட்டும் யாரோ இரவல் வாங்கிப்போய்ப் பதினோரு வருடமாகத் திருப்பித் தரவில்லையாம்.

"எதுக்கு இவ்வளவு பாடு?" என்றாள் வில்மா. "நாலு பேரு சேர்ந்து ஒரு இடத்தைச் சொல்லுவோம். நானும் வந்து சத்தியம் பண்றேன். ஜட்ஜய்யா என்ன, தோண்டியா பார்க்கப் போறாரு?"

"இல்லாத வேலிக்கு ஒரு தடவை சத்தியம் பண்ணியாச்சு வில்மா. அது தெரியாம பண்ணினது. இது தெரிஞ்சே பண்றது."

"பிள்ளைங்களுக்காகத்தானே லவோன்."

"பிள்ளைங்களுக்காகத்தான் வேண்டாம்கிறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் வேறு வழி தெரியவில்லை. நேரில் அறிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் வாயைத் திறக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலே போதும், ஜெயித்துவிடுவார்.

அன்று சாயங்காலம் டெல்மர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மனைவி இறந்ததிலிருந்து தனியாக இருந்தார். சமையலறை மேசையில் டிராக்டர் சாமான் ஒன்றைச் செய்தித்தாள் மேல் பிரித்துப் போட்டிருந்தார்.

"கேக் கொண்டு வரலையா?" என்றார்.

"லஞ்சம்னு சொல்லிடுவீங்களோன்னு எடுத்துட்டு வரல."

"இத்தனை நாள் போட்டது லஞ்சம் இல்லையா? அடடா, தெரியாம ஏமாந்துட்டேனே." நாற்காலியிலிருந்த பூனையைத் தள்ளிவிட்டார். "உட்காரும்மா. நீ எதுக்கு வந்தேன்னு தெரியும்."

"ஒரே ஒரு கேள்விதான் டெல்மர். சோளம், ஊஞ்சல் அதெல்லாம் வேண்டாம். ஏன் எதிர்க்கறீங்க?"

கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார்.

"அந்த வேலியை யாரு நட்டாங்கன்னு தெரியுமா? எங்கப்பா. அந்தப் பக்கம் நாற்பது ஏக்கர் என் சித்தப்பாவுது. ரெண்டு பேருக்கும் ஒரு பன்னிக்குட்டி விஷயமாச் சண்டை. பேச்சு நின்னுபோச்சு. முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு எங்கப்பா முள்ளு மரமா வாங்கி அரை மைலுக்கு நட்டாரு. ரெண்டு பேரும் தேவாலயத்துல ஒரே பெஞ்சுல இந்தக் கோடியில ஒருத்தர், அந்தக் கோடியில ஒருத்தர். முப்பத்தாறு வருஷம். சித்தப்பா செத்தப்ப எங்கப்பா வேலிக்கு இந்தப் பக்கமே நின்னாரு. தொப்பியைக் கழட்டினாரு. தாண்டல."

எண்ணெய்த் துணியை மடித்து மேசை ஓரத்தில் வைத்தார்.

"எங்கப்பாவும் போனப்புறம் சித்தப்பா பங்கு எனக்கு வந்துச்சு. நான் செஞ்ச முதல் வேலை அதைப் பிடுங்கினதுதான். ஒரு குளிர்காலம் முழுக்க. கை ரெண்டும் கிழிஞ்சு போச்சு. ஒரே நிலமா ஆக்கினேன். அதுல நீ ஒரு கோட்டை எடுத்துட்டு வந்து, அதே இடத்துல, காகிதத்துல நடறே."

"டெல்மர், அந்த வேலி ஆளை வெளிய நிறுத்தறதுக்கு நட்டது. இது பிள்ளைங்களை உள்ள சேர்க்கறதுக்கு."

"எல்லாக் கோடும் அப்படிச் சொல்லிக்கிட்டுத்தாம்மா வரும்," என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. மார்லோவின் கோட்டையும் யாரோ ஒரு நல்ல மனுஷி, தன் ஊர்ப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் போட்டிருப்பாள்.

"சாட்சி சொல்ல வருவீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்," என்றேன். "இப்ப கேக்கல. கேக்கறதுக்கு எனக்கு உரிமை இல்லன்னு தோணுது. கதையைச் சொன்னதுக்கு நன்றி."

"அவ்வளவுதானா? நீ அழுது கிழுது பார்ப்பேன்னு நினைச்சேன்."

"வீட்டுல போய் அழுதுக்கறேன்."

போய் அழவும் செய்தேன். எரிச்சலில் வந்த அழுகைதான். பாஸ்டரை அனுப்பி டெல்மரிடம் பேசச் சொல்லலாம் என்று வில்மா போனில் யோசனை சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த மெர்ல், "அந்த மனுஷனை விட்டுடு லவோன். நீ போனே, கேட்டே, திரும்பி வந்தே. மேல தள்ளினா அது வேற மாதிரி ஆயிடும்" என்றார். விட்டுவிட்டேன். தினமும் ராத்திரி ஜெபம் செய்தேன். உண்மையைச் சொன்னால் அது ஜெபம் இல்லை, புகார்.

மூன்று வாரம் கழித்து நீதிமன்றத்துக்குப் போனபோது என் கையில் சாட்சி யாரும் இல்லை. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். நீதிபதி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். பின்னால் கதவு திறந்தது. டெல்மர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு உடுத்தும் உடையில். தொப்பி கையில்.

"வேலி எங்க இருந்துச்சுன்னு தெரியணும்னு சொன்னீங்களாம்," என்றார்.

சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். முழங்கால் வலியோடு மெதுவாக ஏறினார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்டர் பெரன்ஸ்?"

"ஒவ்வொரு மரமா நான்தான் பிடுங்கினேன். எங்கே வேர் விட்டுச்சுன்னு என் முதுகுக்குத் தெரியும். வாங்க, காட்டறேன்."

நீதிபதி தாளைப் புரட்டினார். "நீங்க இந்த மனுவை எதிர்த்து எழுதிக் கொடுத்திருக்கீங்களே?"

"ஆமாங்க. இன்னமும் எதிர்க்கறேன்."

"நீங்க சாட்சி சொல்லலைன்னா மனு இன்னிக்கே தள்ளுபடி ஆயிடும். அது தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்..."

"நீங்க வேலி எங்கன்னு கேட்டீங்க. பூங்கா வேணுமான்னு கேக்கலையே. அதுக்கு ஓட்டு வரும், அப்ப சொல்லிக்கறேன்."

மார்ச் சேற்றில் சர்வேயர் வந்தார். டெல்மர் முன்னால் நடந்தார். அடையாளம் எதையும் தேடவில்லை. ஓர் இடத்தில் நின்று குதிகாலால் தட்டினார். சர்வேயர் அங்கே மண்வெட்டி போட்டார். இரண்டடியில் ஒரு துண்டு வேர் வந்தது. மண்ணைத் துடைத்ததும் ஆரஞ்சுப் பழத்தோல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் பக்கத்தில் வேறு எந்த மரத்துக்கும் அந்த நிறத்தில் வேர் இல்லை. சர்வேயர் நிமிர்ந்து டெல்மரைப் பார்த்தார். டெல்மர் அடுத்த இடத்துக்கு நடந்துவிட்டார். இரண்டு கோடியிலும் இரும்புக் கம்பி அடித்தார்கள். நடுவில் நூறடிக்கு ஒன்றாக, நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டிய மரக்குச்சிகள்.

ஏப்ரலில் வாக்கெடுப்பு. வேண்டும் என்று நூற்று நாற்பத்தெட்டு, வேண்டாம் என்று நூற்று இருபத்தொன்று. வெளியே வரும்போது படியில் டெல்மரைப் பார்த்தேன்.

"எதிராத்தான் போட்டேன்," என்றார்.

"தெரியும்."

"அந்தக் கேக்குல வால்நட் போடாதேன்னு வில்மாகிட்ட சொல்லு. பல்லுல மாட்டுது."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இறங்கிப் போய்விட்டார். அவர் எனக்காக எதுவும் செய்யவில்லை என்பதும் உண்மை. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னார். ஆனால் அது எனக்குக் கிடைத்தது. டிரெய்லர் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது வரி மட்டும்தான். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கேக்கில் தீருகிற விஷயமா?

ஏப்ரல் கடைசி வாரத்தில் நிலம் காய்ந்தது. அக்கம்பக்கம் எல்லாரும் சோளம் விதைக்கத் தொடங்கினார்கள். டெல்மர் நிலத்தில் மட்டும் டிராக்டர் இறங்கவில்லை. சாலையில் காரை நிறுத்திப் பார்த்தேன். அரை மைலுக்கு வரிசையாகச் சிவப்பு ரிப்பன்கள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அந்தக் குச்சிகள் நிற்கும்வரை விதைக்கும் எந்திரத்தைக் குறுக்கே ஓட்ட முடியாது. சோளத்தட்டை மூடிய மண் நடுவில் பிரிந்து இரண்டு நிலமாகக் கிடந்தது.

சர்வேயருக்குப் போன் செய்தேன்.

"அந்த மரக்குச்சியா? அது என் கண்ணுக்கு அடையாளம், அவ்வளவுதான். கோடியில இருக்கற இரும்புக் கம்பி ரெண்டும் போதும். எடுக்கச் சொல்லி ஆளை அனுப்பறேன்."

"எப்போ?"

"வர்ற வாரம்... இல்ல, அதுக்கு அடுத்த வாரம்."

"நான் எடுத்தா தப்பா?"

"தாராளமா எடுங்க. இரும்பைத் தொட்டுடாதீங்க." அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேத்தே அனுப்பியிருப்பேனே."

அவர் சொல்லமாட்டார். அந்த முழங்காலோடு அரை மைல் குனிந்து குனிந்து எடுக்கவும் முடியாது.

சனிக்கிழமை மைதானத்தில் திறப்பு விழா. பள்ளி வாரியம் சாவியைக் கொடுத்தது, பாஸ்டர் ஜெபம் செய்தார், புதுக் குழுவில் நானும் ஒருத்தி என்பதால் என்னையும் மேடையில் உட்கார வைத்தார்கள். டிரெய்லர் பிள்ளைகள் பேச்சு முடியும்வரை காத்திருக்கவில்லை. வரிசை வரிசையாகப் பள்ளிக்கூடத்தின் பழைய சறுக்குமரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒழுங்குபடுத்தப் போன வில்மா, கடைசியில் கீழே நின்று ஒவ்வொருவரையும் பிடித்து இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். டெல்மரும் வந்திருந்தார். கடைசி வரிசை, முழங்காலில் தொப்பி, தட்டில் இரண்டு துண்டு.

மாவட்டத்திலிருந்து வந்தவர் பேச எழுந்தார். அவர் பேச்சு எவ்வளவு நீளும் என்று எங்களுக்குத் தெரியும். காரில் எதையோ மறந்துவிட்டேன் என்று மெர்லிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

நிலத்தின் மேற்குக் கோடியில் காரை விட்டுவிட்டு நடந்தேன். முதல் குச்சி சுலபமாக வந்தது. இரண்டாவது வரவில்லை, இடமும் வலமும் ஆட்டி ஆட்டித்தான் பிடுங்கினேன். ஒவ்வொன்றையும் எடுத்த பிறகு குழியில் மண்ணைத் தள்ளி மிதித்தேன். பத்தாவதுக்கு மேல் உள்ளங்கை எரிந்தது. பதினெட்டாவது பாதியில் முறிந்தது. அடித்துண்டு உள்ளேயே நின்றுவிட்டால் டிராக்டர் சக்கரத்தைக் கிழிக்கும். விழாவுக்குப் போட்ட உடையோடு மண்டியிட்டு, கையால் தோண்டி எடுத்தேன். ஒலிபெருக்கி தூரத்தில் கரகரத்துக்கொண்டே இருந்தது. சாலையில் ஒரு வண்டியும் போகவில்லை.

மொத்தம் இருபத்தாறு. கடைசிக் குழியை மூடி, மேலே என் காலடித் தடம் தெரியாதபடி செருப்பால் மண்ணைக் கலைத்துவிட்டேன். குச்சிகளைச் சுமந்துகொண்டு திரும்பி நடந்து, காரின் பின்பக்கம் போட்டுச் சாக்கால் மூடினேன். வாய்க்கால் தண்ணீரில் கையைக் கழுவினேன். பிறகு ஒரு நிமிடம் நின்று, சாலையிலிருந்து தெற்கே அடிவானம்வரை, குறுக்கே எதுவும் இல்லாத அந்த மண்ணைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.